நேரத்துக்கு யார் விலைப்புள்ளி தருவார்?

பல்கலைக்கழக வேலையில் இருப்பவர்களுக்குச் ‘சீட் மணி’, அதாவது ஆய்வைத் தொடங்கி வைக்கப் பல்கலைக்கழகமே தரும் விதைப்பணம், என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகார அவை) தரும் அங்கீகாரத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் எழுதித் தரும் சுயமதிப்பீட்டு அறிக்கையில் 3.1.2 என்று ஓர் அளவுகோல் இருந்துவருகிறது. ஆசிரியர்களின் ஆய்வுக்காக நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை லட்சம் ரூபாய் கொடுத்தது என்று அது கேட்கும். கொடுத்ததற்கான கூட்டக் குறிப்பும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் இருந்தால் போதும். அந்தப் பணத்தால் யார் என்ன புதிதாகக் கேட்கத் தொடங்கினார் என்று எழுத அங்கே இடமில்லை. ஆகவே நாக் குழு வரும் ஆண்டு நெருங்க நெருங்கத் துறைகளுக்குச் சுற்றறிக்கை வந்துவிடும். இரண்டு லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு, ஓராண்டில் முடியக்கூடிய ஆய்வுத் திட்டங்களைப் பத்து நாட்களுக்குள் அனுப்பிவையுங்கள் என்று அது சொல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) சிறு ஆய்வுத் திட்டங்கள் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு நின்றுபோன பிறகு, மொழி, வரலாறு, மெய்யியல் துறைகளில் இருக்கும் இளம் ஆசிரியர்களுக்குக் கைக்கெட்டும் தொலைவில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றறிக்கை ஒன்றுதான்.

அந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் உள்குழுவில் கலைப்புலத்தின் சார்பில் நானும் சில ஆண்டுகளாக இருக்கிறேன். 2020 இல் புதிய கல்விக் கொள்கை வந்ததற்குப் பிறகு சுற்றறிக்கையில் ‘பலதுறை ஆய்வுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படும்’ என்ற வரி புதிதாகச் சேர்ந்துகொண்டது. அந்த ஒரு வரி செய்த வேலை என்னவென்றால், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த திட்டங்களில் இணை ஆய்வாளர் என்ற இடத்தில் வேறு துறை நண்பர் ஒருவரின் பெயர் ஏறிற்று, அவ்வளவே. அப்படி வந்த குவியலுக்கு நடுவில், இரண்டு பேரும் உண்மையிலேயே உட்கார்ந்து எழுதியது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்த விண்ணப்பம் ஒன்று இருந்தது. தமிழ்த் துறையில் கல்வெட்டு நடத்தும் ஆசிரியர் ஒருவரும் புவியியல் துறை ஆசிரியை ஒருவரும் சேர்ந்து அனுப்பியது. செலவுத் திட்டத்தில் ‘கருவிகள்’ என்ற தலைப்புக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். குழுவில் இருந்த மூத்த வேதியியல் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, எந்த வன்மமும் இல்லாமல், உண்மையான குழப்பத்தோடு கேட்டார்: “இதில் வாங்குவதற்கு ஒன்றுமே இல்லையே, பிறகு எதற்குப் பணம்?” அந்தக் கேள்வி என்னை விட்டுப் போக மறுக்கிறது. அதற்கு நல்ல பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்; ஆனால் எங்கள் விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பதிலை எழுதக்கூடிய கட்டம் எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஏரிக்கு மேற்கு

விண்ணப்பத்தின் பொருள் சிக்கலானதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலக்கொடை பற்றிப் பேசுபவை, கொடுக்கப்பட்ட நிலத்தின் நான்கு எல்லைகளையும் வரிசையாகச் சொல்லும். கீழ்பாற்கெல்லை இந்த வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இந்த வழிக்கு வடக்கு என்று அவை நடந்துபோகும். செப்பேடுகளில் பெண் யானையை எல்லை நெடுக நடத்திக் கல்லும் கள்ளியும் நாட்டியதையும் படிக்கிறோம். 919, 921 ஆகிய ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியத்தைக் குடவோலையோடு சேர்த்துப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அந்த வாரியம் பராமரித்த ஏரியின் நீர் எதுவரை நின்றது, அதன் கரையோர நிலம் யார் கையில் எந்த அளவில் இருந்தது என்பவற்றை ஊர் ஊராக வரைந்து பார்த்தவர்கள் குறைவு. இந்த இருவரும் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள கோயில்களின் கல்வெட்டுகளில் வரும் எல்லைகளை, செயற்கைக்கோள் படங்களில் தெரியும் பழைய வாய்க்கால் தடங்களோடு பொருத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள்.

இந்த வழி புதியதுமல்ல. கல்வெட்டியல் அறிஞர் எ. சுப்பராயலு 1970-களிலேயே கல்வெட்டுச் சான்றுகளைக் கொண்டு சோழமண்டலத்தின் ‘நாடு’களை, அதாவது பல ஊர்கள் சேர்ந்த பிரிவுகளை, வரைபடத்தில் குறித்தார். நொபொரு கராஷிமாவும் அவரும் மற்றொரு ஜப்பானிய அறிஞரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி வழியே தொகுத்து 1978 இல் வெளியிட்டார்கள். பின்னாளில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று வரைபடத் தொகுப்புப் பணியைச் சுப்பராயலு வழிநடத்தினார். ஆக, முன்னோடிகள் இருக்கிறார்கள், வழியும் தெரியும். மூலங்களுக்கும் விலையில்லை. கல்வெட்டுப் பாடங்கள் 1890 முதல் அச்சில் வந்துகொண்டிருக்கின்றன. 1972 இலிருந்து எடுக்கப்பட்டுவரும் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். எனவே கருவிகள் தலைப்பில் அவர்கள் ‘இல்லை’ என்று எழுதியது நேர்மையான பதில். அவர்கள் கேட்டது வேறு. ஊர்களுக்குப் போய்வரப் பேருந்து, ஆட்டோ செலவு. ஒரு பருவத்துக்கு இருவருக்கும் ஒரு தாள் குறைத்துக்கொண்டு, அந்த வகுப்புகளை எடுக்கக் கௌரவ விரிவுரையாளருக்குத் தர வேண்டிய தொகை. இவ்வளவுதான்.

குழு கருணையோடு நடந்துகொண்டது. முன்னுரிமை வரி இருக்கிறதே, தள்ளிவிட முடியாது. “ஒரு லேப்டாப்பாவது போட்டுக் கொடுங்கள்” என்று முதன்மை ஆய்வாளரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவரும் போட்டுக் கொடுத்தார். விரிவுரையாளர் தொகையை நிதி அலுவலகம் அடித்துவிட்டது. ஆணை புரட்டாசியில் வந்தது. மடிக்கணினிக்கு மூன்று கடைகளிடம் விலைப்புள்ளிகள் (கொட்டேஷன்) வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, கொள்முதல் குழு கூடி, பொருள் வந்துசேர்ந்தபோது தை பிறந்துவிட்டது. நிதியாண்டு மார்ச் 31 அன்று முடியும். பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அதற்குள் கையெழுத்தாக வேண்டும். ஓராண்டுத் திட்டம் என்று பெயர்; ஆய்வுக்குக் கிடைத்தது கோடைக்கு முந்தைய சில வாரங்கள், அதுவும் வகுப்புகளுக்கு நடுவில். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்கிறது யுஜிசியின் 2018 விதிமுறை. அதற்கு மேல் விடைத்தாள், நாக் கோப்பு, தேர்வுப் பணி. இருவரின் கால அட்டவணையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஒன்றாக உட்கார வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் கிடைத்தது.

ஒரு பத்தியைப் பற்றிய சண்டை

அந்த வெள்ளிக்கிழமைகளில் நடந்தது பெரும்பாலும் சண்டைதான். எனக்கு இது தெரியக் காரணம், அவர்கள் உட்காரும் அறை எங்கள் துறைக்கு எதிரில் இருந்தது. பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். சண்டை ஓர் அட்டவணையின் பத்தியை, அதாவது நெடுவரிசையைப், பற்றியது. கல்வெட்டில் வரும் ஒவ்வோர் இடப்பெயருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால்தான் மென்பொருள் அதை வரைபடத்தில் வைக்கும். புத்தூர், நல்லூர், மணலூர் போன்ற பெயர்கள் பக்கத்துப் பக்கத்திலேயே ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் பேருந்து ஏறியவர் எவரும் அறிவார். “இரண்டில் எது என்று கல்வெட்டு சொல்லவில்லை, மேடம். அது சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?” என்பார் தமிழாசிரியர். “புள்ளி இல்லாவிட்டால் வரைபடம் இல்லை, சார். கூடுதல் வாய்ப்புள்ள ஒன்றை வைத்துவிட்டு மேலே போவோம்” என்பார் புவியியல் ஆசிரியை. தமிழாசிரியருக்கு அது பாடத்தில் இல்லாததை இட்டு நிரப்பும் பாவம். மூலபாடம் சிதைந்த இடத்தில் புள்ளிகளை இட்டுவிட்டு நகரும் மரபில் பயின்றவர் அவர். புவியியலாளருக்கோ, நிச்சயமின்மையைக் காரணம் காட்டி எதையும் குறிக்காமல் விடுவது வேலை செய்யாமல் இருப்பதற்குச் சமம். இருவருமே தத்தம் துறையின் ஒழுக்கத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் யாரையும் சமாதானப்படுத்த முடியவில்லை. நானும் இரு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை ஏரிக்குப் போனார்கள்; நானும் தொற்றிக்கொண்டேன். ஏரி ஏறக்குறைய வற்றிக் கிடந்தது. நீர் நிற்கும் உள்வாயில் பாதிக்கு மேல் வேலிக்கருவை. செயற்கைக்கோள் படத்தில் பசுமையாகத் தெரிவது பயிரா, முள்ளா, பாசியா என்ற குழப்பத்துக்கு அங்கே நின்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். தமிழாசிரியர் கையில் இருந்த கல்வெட்டுப் படியில் நிலம் ஒன்றின் கிழக்கெல்லை ‘ஏரி’. கரைப் பக்கம் என்றால் சிக்கலில்லை, மண்கரை நகராது. ஆனால் இந்த நிலமோ உள்வாய்ப் பக்கம், நீர் பரந்து நிற்கும் பக்கம். புவியியல் ஆசிரியை சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏரி எல்லை என்கிறதே, எந்த மாதத்து ஏரி, சார்?” தமிழாசிரியர் பதில் சொல்லவில்லை. ‘ஏரிக்கு மேற்கு’ என்ற தொடரைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவந்தவர் அவர். நானும் வரலாற்று வகுப்பில் அதே மாதிரிக் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டியவன்தான். கார்த்திகையில் ஏரியின் விளிம்பு ஓரிடத்திலும் பங்குனியில் வெகுதொலைவு தள்ளி வேறிடத்திலும் இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அந்தத் தெரிந்த செய்தி, படித்த கல்வெட்டுக்குள் ஒருபோதும் நுழைந்ததில்லை.

ஏரிநீரைப் பங்கிட்டுவிடும் ஊரின் நீர்க்கட்டியைத் தேடிப் பிடித்தோம். வயதானவர். நல்ல மழை ஆண்டில் நீர் எதுவரை ஏறும், நடுத்தர ஆண்டில் எதுவரை, உபரிநீர்க் கலிங்கு வழியும்போது எங்கே நிற்கும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவர் காட்டியது கோடாக அமையவில்லை. சில இடங்களில் நூறு தப்படி அகலம், சில இடங்களில் இரண்டு வயல் அகலம் கொண்ட ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் பயிர் வைப்பவர்கள் யார், நீர் ஏறினால் நட்டம் யாருடையது என்பதற்கும் அவரிடம் ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. ஆசிரியை தம் குறிப்பேட்டில் முதன்முறையாகப் புள்ளிக்குப் பதில் பட்டையை வரைந்தார். திரும்பும் வழியில் பேருந்தில், எந்த இடப்பெயருக்கும் எண் தர மறுத்துக்கொண்டிருந்த தமிழாசிரியர் தாமாகவே சொன்னார்: ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உறுதிநிலை தருகிறேன்; கல்வெட்டு கிடைத்த ஊரே என்றால் ஒன்று, பெயரும் திசையும் பொருந்தினால் இரண்டு, பெயர் மட்டும் பொருந்தினால் மூன்று. மூன்றாம் நிலைக்கு இரண்டு இடங்களையும் வையுங்கள், ஒன்றை வெட்டிவிடாதீர்கள். ஆசிரியை ஒப்புக்கொண்டார். அவருடைய நிபந்தனை ஒன்று: கல்வெட்டின் ஆட்சியாண்டோடு நாளும் மாதமும் கிடைத்தால் அதற்கும் தனிப் பத்தி வேண்டும், ஏனென்றால் எல்லை எந்தப் பருவத்தில் அளக்கப்பட்டது என்பது இனி முக்கியம்.

அந்த ஆண்டு மார்ச் முடிவில் அவர்களிடம் இருந்தது இந்த அட்டவணையின் தலைப்பு வரிசையும் கீழே நிரப்பப்பட்ட சில வரிகளும்தான். கட்டுரை இல்லை, காப்புரிமை இல்லை, ஸ்கோபஸ் பட்டியலில் ஏறிய வெளியீடு இல்லை. இறுதி அறிக்கையில் ‘விளைவுகள்’ என்ற கட்டத்தில் ‘தரவுத்தள வடிவமைப்பு’ என்று எழுதினார்கள். குழுவில் அதற்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் விழுந்தது. என்னைக் கேட்டால், அந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த சீட் மணித் திட்டங்களில் உண்மையில் பலதுறை ஆய்வு நடந்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றில்தான். மற்றவற்றில் நடந்தவை கொள்முதலும் ஒருநாள் கருத்தரங்கும். கருத்தரங்கில் போர்த்திய சால்வைகளுக்கு முறையான ரசீது இருந்தது.

அனுப்பிப் பெறுவதும் சேர்ந்து கேட்பதும்

தொல்லியலைப் பார், அங்கே துறைகள் சேரவில்லையா என்று கேட்பார்கள். சேர்கின்றன. கீழடி பற்றி 2019 இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைக்காகக் கரிமாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கும், பானையோடுகள் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்துக்கும், விலங்கெலும்புகள் புனே தக்காணக் கல்லூரிக்கும் போயின. பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்ற ஆண்டு அப்படித்தான் நம் வாயில் ஏறிற்று. இதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாதிரியைப் பொட்டலம் கட்டி அனுப்பி, அறிக்கை பெற்று, அதைப் பின்னிணைப்பில் சேர்ப்பது ஒரு வகை. அதற்கு வேண்டியது ஆய்வகக் கட்டணம், அதற்கு ரசீது உண்டு, எந்தத் தணிக்கையும் அதை ஏற்கும். கல்வெட்டுக்காரரும் புவியியல்காரரும் ஒருவர் கேள்வியை மற்றவர் கெடுத்துத் திருத்துவது இன்னொரு வகை. அதற்கு வேண்டியது இருவரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம். முதல் வகைக்குப் பழகிப்போன படிவங்களில் இரண்டாம் வகை நுழையும்போதுதான் ‘வாங்குவதற்கு ஒன்றுமில்லையே’ என்ற கேள்வி எழுகிறது.

நேரத்துக்குப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடையே சான்று இல்லாமலில்லை. ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. மொழியியலிலோ கணிதத்திலோ பேராசிரியர் அல்லர். 1970 இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை அவருக்குக் கிடைத்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியோடு சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பையும் சொல்லடைவையும் உருவாக்கினார். 1977 இல் இந்தியத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. எழுத்தை அவர் படித்துவிட்டதாக அந்த நூல் சொல்லவில்லை. எந்தக் குறி எங்கே, எதற்கு அடுத்து, எத்தனை முறை வருகிறது என்று அடுக்கித் தந்தது. 32 ஆண்டுகள் கழித்து, 2009 இல், அந்தத் தொகுப்பைத் தரவாகக் கொண்டு, குறிகளின் வரிசையில் மொழிக்குரிய ஒழுங்கு இருக்கிறதா என்று புள்ளியியல் முறையில் சோதித்த கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. எழுதியவர்களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளரும் இருந்தார், மகாதேவனும் இருந்தார். அந்த முடிவை ஏற்காதவர்கள் உண்டு, அது தனிக் கதை. நான் கவனிப்பது இதை: 1970 ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் ‘எதிர்பார்க்கப்படும் பயனாளிகள்’ என்று எங்கள் படிவம் கேட்பதைப் போல யாராவது கேட்டிருந்தால், இயற்பியலாளர்கள் என்று அவரால் எழுதியிருக்க முடியுமா? எழுதியிருந்தால் தேர்வுக்குழு சிரித்திருக்காதா?

காலக்கெடுவைப் பற்றியும் நமக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1913 இல் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் மதுரையில் தொடங்கியபோது, ஐந்தாண்டு, ஒரு லட்சம் ரூபாய் என்பது மதிப்பீடு. ஆறு தொகுதிகளும் வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் 1936 இல் முடிந்தன. செலவு நான்கு லட்சத்தைத் தாண்டிற்று. செடிகொடிப் பெயர்களுக்கு அறிவியற் பெயரும் தந்த அகராதி அது. மதிப்பீடு தவறிவிட்டதென்று நடுவில் பணத்தை நிறுத்தியிருந்தால் இன்று எந்தத் துறைக்காரரும் புரட்டிப் பார்க்கும் அந்த அகராதி நம்மிடம் பாதியில் நின்ற ஒன்றாக இருந்திருக்கும்.

இன்றைய பெரிய நிதிகளிலும் கலைப்புலத்துக்குக் கதவு இல்லாமலில்லை. துறை கடந்த ஆய்வுகளுக்கு நிதி தர 2019 இல் யுஜிசி அறிவித்த ஸ்ட்ரைட் திட்டத்தின் மூன்றாம் பிரிவு மெய்யியல், வரலாறு, தொல்லியல், மொழியியல், இந்திய மொழிகள் என்று பெயர் சொல்லி அழைத்தது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு கோடி வரை, பல நிறுவனங்கள் சேர்ந்தால் ஐந்து கோடி வரை. ஆய்வுகளுக்கு நிதி வழங்க 2023 இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையும் நம்மை ஒரேயடியாக வெளியில் நிறுத்திவிடவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமும் கலைப்புலத்தையும் சமூக அறிவியலையும் தொடும் இடம் மட்டும் அதன் எல்லைக்குள் வரும். கலைப்புலம் தன்னளவில் அந்தச் சட்டத்தில் இல்லை, விளிம்பு மட்டும் இருக்கிறது. சரி, விளிம்பாவது இருக்கிறதே என்று வைத்துக்கொள்வோம். அந்த விளிம்பில் நின்று ஒரு கோடிக்கு விண்ணப்பிக்க, ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து, சண்டை போட்டு, பத்திகளை ஒப்புக்கொண்ட இருவர் வேண்டும். அப்படி இருவரை உருவாக்குவதற்குத்தான் பல்கலைக்கழகத்தின் சிறுதொகை. அதை நாம் பெரிய திட்டத்தின் சின்ன நகலாக நடத்துகிறோம். அதே கொள்முதல் விதிகள், அதே விளைவுக் கட்டம், தொகையில் மட்டும் இரண்டு சுழியங்கள் குறைவு.

பாதியாகும் மதிப்பெண்

இளம் ஆசிரியர் ஒருவர் இப்படி ஒரு வேலையில் இறங்குவாரா என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, பத்து லட்சத்துக்குக் குறைவான திட்டத்தை முடித்தால் ஆய்வு மதிப்பெண் 5. முதன்மை ஆய்வாளர், இணை ஆய்வாளர் என்று இருவர் இருந்தால் ஆளுக்குப் பாதி. கலைப்புலக் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண். இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் அதில் 70 விழுக்காடு. தனியாக ஒரு கட்டுரை எழுதி அனுப்பினால் கிடைப்பது, ஓராண்டு வெள்ளிக்கிழமைகளைச் சண்டையில் கழித்துச் சேர்ந்து எழுதினால் கிடைப்பதைவிடக் கூடுதல். கட்டுரையை எங்கே அனுப்புவது என்பது அடுத்த தகராறு: கல்வெட்டியல் இதழில் வந்தால் புவியியல் துறையில் அதை யாரும் சீண்டுவதில்லை, தொலையுணர்வு இதழில் வந்தால் தமிழ்த் துறையின் பதவி உயர்வுக் குழுவில் ‘இது நம் பாடமா’ என்று கேட்பார்கள். சுற்றறிக்கையில் ‘பலதுறை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்கு எதிராக நான்கு விதிகளை வைத்திருக்கிறோம்.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நிதி அலுவலகத்தில் இருக்கும் என் நண்பர், நேரத்துக்குப் பணம் தர ஆரம்பித்தால் எல்லோரும் நேரம் கேட்பார்கள், ஆய்வு நடந்ததா தூக்கம் நடந்ததா என்று எப்படி அறிவது என்கிறார். லேப்டாப்பையாவது கண்ணால் பார்க்கலாம் என்பது அவர் வாதம். எனக்குப் பணம் கணக்கில்லாமல் போக வேண்டும் என்ற ஆசை இல்லை. கணக்கின் வகை மாற வேண்டும் என்கிறேன். தொடக்கத்தில் நீங்கள் கேட்ட கேள்வி என்ன, உங்கள் கூட்டாளி அதில் எதை மறுத்தார், இப்போது நீங்கள் கேட்கும் கேள்வி என்ன என்று இருவரும் தனித்தனியே ஐந்து பக்கம் எழுதித் தரட்டும்; தூங்கியவரால் அதை எழுத முடியாது. தொகையும் கட்டுப்படியாகாத ஒன்றல்ல. யுஜிசி 2019 இல் கௌரவ விரிவுரையாளருக்கு வகுத்த தொகை ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய். வாரம் நான்கு வகுப்புள்ள ஒரு தாளுக்கு, பதினைந்து வாரப் பருவத்தில் 60 வகுப்பு, 90,000 ரூபாய். இரண்டு ஆசிரியர்களுக்கு 1,80,000. நம் சுற்றறிக்கையின் இரண்டு லட்சத்துக்குள் அடங்கி, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இருபதாயிரம் மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கில் உறுத்தும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எங்களுக்குப் பதிலாக அந்த வகுப்புகளை எடுக்கப்போகிறவரும் முனைவர் பட்டம் பெற்றவர்தான். பல நேரங்களில் எங்களைவிட நல்ல கேள்விகளை வைத்திருப்பவர். சீட் மணிக்கு நிரந்தர ஆசிரியர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால் அவர் அந்தக் கேள்விகளோடு வகுப்பெடுத்துக்கொண்டே இருப்பார். ஒருவருடைய நேரத்தை இன்னொருவருடைய குறைந்த ஊதியத்தால் வாங்குகிறோம். கௌரவ விரிவுரையாளரும் முதன்மை ஆய்வாளராகலாம் என்று விதியைத் திருத்தாமல் இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்க மாட்டேன். குழுவில் அதையும் எழுதிக் கொடுத்தேன், ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதிவாகியிருக்கிறது.

மற்றொன்று மட்டும் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டு அதே இருவர் மீண்டும் விண்ணப்பித்தபோது, கருவிகள் என்ற தலைப்பில் மறுபடியும் ‘இல்லை’ என்று எழுதி, மாற்று வகுப்புகளுக்கான தொகையை வேறு பெயரில் ஒளிக்காமல் அப்படியே கேட்டார்கள். வேதியியல் பேராசிரியர்தான், ஆச்சரியமாக, முதலில் ஆதரித்தார். தம் ஆய்வகத்தில் ஒரு கருவி வந்திறங்கிய பின் அதைப் பழகவே ஒரு பருவம் போனதென்றும், மனிதர்களைப் பழகவும் அவ்வளவு ஆகாதா என்றும் கேட்டார். சோதனை முறையில் ஒரு திட்டத்துக்கு மட்டும் என்ற குறிப்போடு ஒப்புதல் கிடைத்தது. அட்டவணை வளர்ந்தது, மூன்றாம் நிலைப் பெயர்கள் இரண்டிரண்டு இடங்களில் வரைபடத்தில் உட்கார்ந்தன. மாதம் தெரிந்த கல்வெட்டுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்ற ஏமாற்றமும் வந்தது.

தணிக்கை இந்த ஆனியில் வந்தது. முழு ஊதியம் பெறும் ஆசிரியரின் அதே வகுப்புக்கு வேறொருவருக்கும் தொகை வழங்கியது இரட்டைச் செலவாகாதா என்று முதல் தடை. அதற்கு விளக்கம் அனுப்பி, அந்த நேரத்தில் உருவானது இது என்று அட்டவணையின் அச்சுப்படியையும் இருவரின் ஐந்தைந்து பக்கங்களையும் இணைத்தோம். இரண்டாம் கடிதம் போன வாரம் வந்திருக்கிறது. விளக்கம் ஏற்கப்பட்டதா என்று அதில் இல்லை. மேற்படி அட்டவணை எந்த இருப்புப் பதிவேட்டில், எத்தனையாவது பக்கத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டிருக்கிறார்கள். தமிழ்த் துறைப் பதிவேட்டில் ஏற்றுவதா, புவியியல் துறைப் பதிவேட்டில் ஏற்றுவதா என்று இருவரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் பேசி முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.